ஐந்தாம் எண் தட்டு

எழுபத்திரண்டு மணி நேரம் முடிந்ததும் இன்குபேட்டரிலிருந்து செல் வளர்க்கும் இரண்டு தட்டுகளை எடுத்தேன். மூடிகளில் 3, 5 என்ற எண்கள் மட்டும். எதில் என்ன பூசியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதனால் செல்களை நான் எண்ணக் கூடாது. ஆய்வகத்தில் அது சட்டம். ஆசைப்பட்ட கண் கூடுதலாக எண்ணிவிடும்.

வழக்கமாக எண்ணுகிறவருக்குக் காய்ச்சல். பிப்பெட்டில் ஒரு குமிழி வந்தாலும் கத்துகிற என் சீனியர், குமிழி அக்கா, வாசலில் காத்திருந்த அம்மாவைப் பார்த்தாள். தையல் மிஷினுக்கு மோட்டார் வாங்க என்னைக் கூட்டிப்போக வந்திருந்தாள் அம்மா.

"தையல்காரங்க கண்ணு கழுகுக் கண்ணாச்சே! வாங்கம்மா, இந்தக் கோட்டைப் போடுங்க."

"இதுல பட்டனே ஒழுங்கா தைக்கலையே," என்றபடி அம்மா போட்டுக்கொண்டாள்.

நான் தட்டுகளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

ஆறு வருடங்களுக்கு முன், மூன்றே மாதத்தில் எங்கள் முகங்களை மறந்து அப்பா இறந்துபோனார். மூளையில் ஒரு புரதத்தின் மடிப்பு தப்பிவிட்டது என்றார் டாக்டர். அதன் பெயரை வீட்டில் சொல்வதில்லை. வேலையில் சேர்ந்த அன்று அம்மா கேட்டாள்: "அந்தச் சனியன் பக்கம் போகலையே?"

"இல்லம்மா."

எட்டு மாதமாக அந்தப் பொய் நிற்கிறது. தெரிந்தால் அன்றைக்கே வேலைக்கு முழுக்குப் போடச் சொல்வாள்.

"தட்டுக்கு நூறு செல் பாருங்க. உடம்பைவிட நீளமா நூல் விட்டிருந்தா மட்டும் இதை அழுத்துங்க," என்று அம்மாவை மைக்ராஸ்கோப் முன் உட்காரவைத்து, எண்ணும் கருவியைக் கொடுத்தாள் அக்கா.

மூன்றாம் தட்டில் பன்னிரண்டு. "எல்லாம் பட்டன் மாதிரி உருண்டுகிட்டு சோம்பேறியா கிடக்குதுங்க."

ஐந்தாம் தட்டு. கருவி டக் டக்கென்று வேகமாக ஒலித்தது. பிறகு நின்றது.

"என்னம்மா?"

"இருடி. ஒண்ணு இன்னொண்ணுகிட்ட கையை நீட்டுது. நுனியில பாரு, விரலை விரிச்சுத் தடவித் தேடுது. இதுக்குக் கண்ணு இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் எப்படித் தெரியுது, எந்தப் பக்கம் போகணும்னு?"

எனக்குச் சிலிர்த்தது. தினமும் பார்க்கிற காட்சிதான். செல்லின் வெளியே அந்தப் புரதம் தொடுகிறது. செல்லுக்குள் ஒரு செய்தி கைமாறிக் கைமாறிப் போகிறது. உருண்டு கிடந்தது நரம்பாக மாறத் தொடங்குகிறது. இவ்வளவும் ஒரு தொடுதலில்.

அறுபத்தெட்டு. அக்கா விசிலடித்தாள், குறித்துக்கொண்டாள். எண்ணி முடித்தாயிற்று, இனி மறைக்கச் சட்டமில்லை.

"என்னடி போட்டே இதுல?" அம்மா கண்ணை எடுக்காமலே கேட்டாள். "கும்பிடணும் போல இருக்கு."

அக்கா வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"எல்லார் மூளையிலயும் இருக்கிறதுதாம்மா. மடிப்பு சரியா இருந்தா இந்த வேலையெல்லாம் செய்யும்."

அம்மாவின் முதுகு நிமிர்ந்தது. மெல்லத் திரும்பினாள்.

"எது?"

"பிரியான் புரதம். அப்பாவுக்கு மடிப்பு தப்பிப்போச்சே, அதேதாம்மா."