ஷார்மேன் தராத போத்தல்

லூயிஸுக்கு வாய் கொஞ்சம் நீளம். பள்ளி வேன் ஓட்டுவதை நிறுத்திய பிறகு அது இன்னும் நீண்டுவிட்டது. மலேசியாவின் ஈப்போ நகர ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை செய்யும் மகள் ஷார்மேன் மனிதப் புரதம் ஒன்றைச் செய்து முடித்திருந்தாள். கண்ணாடித் தட்டில் அதை விட்டால் தோல் அணுக்கள் மளமளவென்று வளர்கின்றன என்று தெரிந்த நாளிலிருந்து லூயிஸைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் சொன்னார். சிம்பாங் பூலாயில் டயர் மாற்றப் போன இடத்தில் சீனக் கடைக்காரரிடம் மலாயில் சொன்னார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பத்தில் இப்படி ஒருத்தி வந்தால் யார்தான் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்?

கோப்பிக்கடையில் சொன்னதுதான் வினையாகிவிட்டது. அங்கே உடையப்பன் இருந்தார். ஒரே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், லூயிஸோடு பிறந்து வளர்ந்த கூட்டாளி. இனிப்புநீர்க்காரர், சர்க்கரை வியாதி. கால் கட்டைவிரலில் ஒரு புண், ஆறுவேனா என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

“ஓம் மக செய்றது தோலை வளர்க்குமாடா?”

“வளர்க்குதுலா. ஒரு போத்தல் வாங்கித் தாரேன் மச்சான்.”

சொல்லிவிட்டு வந்துவிட்டார். மகளிடம் கேட்க வேண்டுமே என்ற யோசனை சனிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போதுதான் வந்தது. உடையப்பன் கால் புண்ணைச் சொல்லிக் கேட்டார்.

“டேடி, அது ஆராய்ச்சிக்கு மட்டும். லேபல்லயே போட்டிருக்கோம்.”

“மனுச உடம்புல இருக்கிற புரதம்னு நீதானம்மா சொன்ன?”

“இருக்கிறதுதான். ஆனா நாங்க அதைக் கிருமிக்குள்ள வளர்த்துப் பிரிச்சி எடுக்கிறோம். எவ்வளவு சுத்தம் செஞ்சாலும் அது தட்டுல இருக்கிற அணுவுக்குப் போதுமான சுத்தம். அங்கிள் கால் தாங்குமான்னு யாரும் சோதிச்சதில்ல.”

“ஒரே ஒரு போத்தல்மா. நான் சொல்லிட்டேன் அவன்கிட்ட.”

“தரமாட்டேன் டேடி.”

குரல் உயரவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள். லூயிஸுக்குச் சுருக்கென்றது. ஊர் முழுக்கத் தூக்கி வைத்துப் பேசிய மகள், பெற்ற அப்பன் கேட்டு ஒரு சின்னப் போத்தல் தரமாட்டேன் என்கிறாள்.

“அங்கிள் கட்டு மாத்த கிளினிக் போறாருதானே?” என்று கேட்டாள்.

லூயிஸ் சோற்றைப் பிசைந்தார். “போறதில்ல. ஓம் போத்தல் வரட்டும்னு இருக்கான்.”

ஷார்மேன் கையை உதறி எழுந்துவிட்டாள். “டேடி, விரலையே எடுக்க வேண்டியதாப் போயிரும். இப்பவே கூட்டிட்டுப் போங்க.”

லூயிஸ் சோற்றை அப்படியே விட்டு எழுந்தார். தன் வாய்தான் கூட்டாளியின் காலைத் தின்றுகொண்டிருக்கிறது. பழைய சாகா காரை எடுத்துக்கொண்டு ஓடினார். வழியெல்லாம் பொய் தேடினார். சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்லலாமா? முதலாளி விடவில்லை என்று சொல்லலாமா?

உடையப்பன் காலை முக்காலியில் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். கட்டு மஞ்சளாகியிருந்தது.

“கொண்டாந்தியா?”

பொய் நாக்கு நுனிவரை வந்தது. அப்போதுதான் ரசம் ஊற்றிய அந்தக் கை நினைவுக்கு வந்தது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிக்குச் சரி, டவுனில் வேன் முதலாளிக்குச் சரி என்று தலையாட்டியே காலம் தள்ளிய வீடு லூயிஸுடையது. அந்த வீட்டில் ஒருத்தி முடியாது என்று சொல்லிவிட்டாள்.

“தரமாட்டேன்னுட்டாடா.”

“எனக்கா?”

“எனக்கே. பெத்த அப்பனுக்கே. தட்டுல மட்டும் சோதிச்சதை மனுசன் கால்ல போட விடமாட்டாளாம்.” சொல்லச் சொல்ல நெஞ்சு நிமிர்ந்தது. வெட்கப்பட வந்தவர், ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி நின்றார்.

உடையப்பன் காலை முக்காலியிலிருந்து இறக்கினார்.

“அப்பனுக்கே தரலன்னா, புள்ள தெரிஞ்சிதான் செய்யுது,” என்றார். “கைலியோடயே கிளினிக்குக்கு வரலாமாடா?”

கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி கட்டைப் பிரித்ததும் இருவருக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. டாக்டர் வந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் விரல் தப்பியிருக்காது, இனி ஒழுங்காக வந்தால் காப்பாற்றிவிடலாம் என்றார். லூயிஸ் சுவரில் சாய்ந்து சிலுவை போட்டுக்கொண்டார்.

“இவ்வளவு நாள் எதுக்குக் காத்திருந்தீங்க?” என்று கேட்டாள் மிஸ்ஸி.

“இவன் மக தோல் வளர்க்கிற சாமான் செய்யுது. அது வரும்னு இருந்துட்டேன்,” என்றார் உடையப்பன்.

மிஸ்ஸி கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு லூயிஸை நிமிர்ந்து பார்த்தாள். “அப்படியா அங்கிள்? எங்க கிடைக்கும் அது?”

“கிடைக்காதும்மா,” என்றார் லூயிஸ். “எனக்கே தரமாட்டா என் மக.”

வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்களிடமும் போய் லூயிஸ் அதையே சொன்னார்.