இருபத்திரண்டாவது குரல்

அக்காவை எழுப்புவதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு. பாய்மரப் படகில் தன்னந்தனியாக, எங்கும் கரை தொடாமல் உலகைச் சுற்றி வரும் பந்தயத்துக்கு அவள் தயாராகிக்கொண்டிருந்தாள். எட்டு மாதம் கடல். அங்கே ஒரே மூச்சாகத் தூங்கினால் ஏதாவது கப்பல் படகை நசுக்கிவிட்டுப் போகும். நசுக்கியது அதற்கே தெரியாது. ஆகவே இருபது நிமிடம் தூக்கம், எழுந்து நாலு பக்கமும் ஒரு பார்வை, மறுபடி இருபது நிமிடம். இதை வீட்டிலேயே பழகினாள். முதல் வாரம் அலாரம் அடித்ததும் துள்ளி எழுந்தாள். இரண்டாம் வாரம் அலாரம் அலறியதில் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். அக்கா எழவில்லை.

"ஒரே சத்தம்னா மூளை பழகிடுதுடா. உன் குரல்ல பதிவு பண்ணிக் குடு. அது மட்டும் எனக்குப் பழகவே பழகாது. கேட்டாலே பத்திக்கிட்டு வரும்."

இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. ரேடியோ பழுதுபார்த்துப் பிழைக்கிறவன் நான். சின்னதாக ஒரு கருவி செய்து எடுத்துக்கொண்டு, கொட்டகையில் முட்டுக்கட்டைகள்மேல் நின்றிருந்த படகின் கேபினுக்குள் நுழைந்தேன். நுழைந்தேன் என்பது மரியாதைக்கு. அலமாரிக்குள் போர்வையைத் திணிப்பதுபோல என்னைத் திணித்துக்கொண்டேன். "அக்கா, உன் மாமியார் பெட்டியோட வந்திறங்கிட்டாங்க!" "அக்கா, உன் புதுச் செருப்பை நாய் தூக்கிட்டு ஓடுது!" இப்படி இருபத்தொன்று. எது எப்போது வரும் என்று கருவிக்கே தெரியாது.

பத்து நாள் சோதனை ஓட்டம் போய்விட்டு, மூக்குத் தோல் உரிந்து, பாதியாக இளைத்துத் திரும்பினாள் அக்கா. படகை மறுபடி கொட்டகைக்குள் ஏற்றி நிறுத்தினோம். அடிப்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்:

"அந்த இருபத்திரண்டாவது பிரமாதம்டா."

"இருபத்தொண்ணுதானே இருக்கு?"

"அதான், ஜோக்கே அடிக்காம ஒண்ணு பேசியிருப்பியே. ஏழாம் நாள் மத்தியானம், ஒரே மூடுபனி. 'அக்கா, எந்திரி. இடது பக்கம் பாரு'ன்னு வந்துச்சு. எழுந்து பாத்தா சரக்குக் கப்பல். இந்தச் சுவர் மாதிரி, இவ்வளவு கிட்டத்துல. சுக்கானை ஒடிச்சுத் திருப்பினேன்."

கருவியைக் கழற்றிப் பார்த்தேன். இருபத்தொரு பதிவுகள்தான் இருந்தன. ஒவ்வொன்றாக ஓட விட்டேன். மாமியார், நாய், செருப்பு எல்லாம் முடிந்தபின் சற்று மௌனம். பிறகு அது வந்தது. என் குரல்தான். ஆனால் காலையிலிருந்து யாரையோ கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேய்ந்த தொண்டை. குரலுக்குப் பின்னால் தண்ணீர் பலகையில் அறையும் சத்தம். நான் பதிவு செய்த அன்று இந்தப் படகு தண்ணீரையே பார்த்திருக்கவில்லை.

"தொண்டை கட்டியிருந்தப்போ பண்ணிட்டு மறந்திருப்ப," என்றாள் அக்கா. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். ஏற்கெனவே சுரண்டி முடித்த இடத்தையே திரும்பச் சுரண்டினாள்.

மறுநாள் பந்தயப் பரிசோதகர் வந்தார். மிதவை உடுப்பிலிருந்து கரண்டிவரை தட்டிப் பார்க்கும் மனிதர். அலாரத்தையும் அழுத்தினார். அத்தனையில் அதுவா வரவேண்டும்? எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"இடது பக்கம் பாருன்னு யார் சொல்றது? தனியா ஓட்டுற பந்தயம் தம்பி. கரையிலேர்ந்து ஒருத்தரும் வழி சொல்லக் கூடாது. முன்கூட்டியே பதிவு பண்ணதுன்னா பரவாயில்லை. நீங்க பண்ணதுதானே?"

'இல்லை' என்று சொன்னால் போதும். அக்காவைப் பந்தயத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். வீட்டில் இருப்பாள், உயிரோடு இருப்பாள், என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள். அவள் இதற்குத் தயாராகிற இந்த மூன்று வருடமாக நான் சிரித்துச் சிரித்து மறைத்த ஆசை அதுதான். அக்கா கையில் பிரஷ்ஷோடு நின்றாள். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் 'இல்லை' என்று சொல்லியிருப்பேன்.

அந்தத் தேய்ந்த குரலை நினைத்தேன். எத்தனை தடவை கூப்பிட்டும் அவள் எழாமல் அது இப்படித் தேய்ந்ததோ! ஆனாலும் 'போகாதே' என்று அது சொல்லவில்லை. 'பாரு' என்றுதான் சொன்னது.

"நான்தான் சார் பண்ணேன்."

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அக்கா என் மண்டையில் ஒரு குட்டு வைத்தாள். அவள் பாஷையில் அது நன்றி.

பொய் உறுத்தியது. இப்போதாவது பதிவு செய்து அதை உண்மையாக்கிவிட்டால் என்ன என்று தோன்ற, கருவியோடு கேபினுக்குள் என்னைத் திணித்துக்கொண்டு மூடியைச் சாத்தினேன். வெளியே, எனக்கு நேர் கீழே, அக்கா வர்ணம் பூசும் சத்தம் சரக், சரக் என்று கேட்டது. பொத்தானை அழுத்தினேன். "அக்கா, எந்திரி..." அதற்குமேல் பழக்கதோஷத்தில் மாமியார் வந்துவிட்டார். அழித்தேன். அடுத்ததில் நாய். அடுத்ததில் எனக்கே சிரிப்பு. நாற்பது, ஐம்பது தடவை இருக்கும். தொண்டை வறண்டு மணல் மாதிரி ஆயிற்று. கடைசியில் கண்ணை மூடி, மூடுபனிக்குள் வாயைத் திறந்தபடி தூங்கும் அவளைப் பார்த்தேன். அவளை நோக்கி அந்தச் சுவர் வருவதையும் பார்த்தேன்.

"அக்கா, எந்திரி. இடது பக்கம் பாரு."

எச்சில் விழுங்கும் இடம் உட்பட, கருவியில் கேட்ட அதே குரல்.

சரக், சரக் என்று வர்ணம் பூசும் சத்தம் நிற்கவில்லை. அதற்கு நடுவே, அதே பலகைக்கு அந்தப் பக்கம், தண்ணீர் ஒரு முறை அறைந்தது. தரை என்னை மெல்லத் தூக்கி, மெல்ல இறக்கிவிட்டது. மூடியைத் திறந்துகொண்டு ஓடத்தான் கை போனது.

ஓடவில்லை. பொத்தானை அணைக்கவும் இல்லை. எட்டு மாதம் இருக்கிறது. எந்தக் கடலில் எந்தப் பக்கத்திலிருந்து என்ன வரும் என்று எனக்கென்ன தெரியும்?

"அக்கா, எந்திரி. வலது பக்கம் பாரு," என்றேன். தண்ணீர் அறைந்தது. "பின்னாடி பாரு. அக்கா, எந்திரி."