கூரைக்கு வேண்டிய வெயில்

மெஷின் வாள் வேம்பின் மூன்றாவது கொப்பில் இறங்கியபோது பூரணம் மரத்தடியில் கிடந்த கட்டிலின் தலைமாட்டைப் பிடித்து அப்பால் இழுத்தாள். கட்டிலில் அவளுடைய கணவர் தம்பிராசா கிடந்தார். பதினெட்டு வருஷம் சீமெந்து மூடை இறக்கிய நெஞ்சு. இப்போது ஒரு வசனத்தை முடிக்க இரண்டு தரம் மூச்சு எடுக்கவேண்டும். புகையும் புழுக்கமும் ஆகவே ஆகாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பகலில் அவர் மூச்சு விட்டதே இந்த வேம்பின் புண்ணியத்தில்தான். பத்து மணிக்குப் பிறகு அவர்களின் தகரக் கொட்டிலுக்குள் கோழிகூட நிற்காது.

மரம் நின்ற காணி பரமலிங்கத்தாருடையது. கொட்டில் நின்றதும் அவருடைய காணியில்தான். இணுவிலில், வேலிக்கு அந்தப் பக்கம் அவர் கட்டிய கலியாண மண்டபத்தைக் கூட்டித் துடைக்கிற வேலையும் அவர் கொடுத்தது. மரத்தை வெட்டக்கூடாது என்று சொல்லப் பூரணத்துக்கு வாய் ஏது? கெஞ்சிப் பார்த்தாள்.

"முதலாளி, ஒரு பக்கக் கொப்பையெண்டாலும் விடுங்கோவன். இந்த மனுசன் கிடக்கிறதுக்கு."

"கொஞ்ச நிழல் விழுந்தாலும் கூரையிலை பூட்டிற சோலர் வேலை செய்யாது, பூரணம். மண்டபத்திலை பதினாறு ஏசி ஓடுது. கரண்ட் பில்லுக்கெண்டே உழைக்கிறன். இனி அந்தக் கவலை இல்லை, இன்னும் நாலு ஏசி போடலாம். சூழலுக்கும் நல்லதெண்டு எல்லாரும் சொல்லுகினம்." போகிற போக்கில் மனமிரங்கியவர்போல, "விறகு முழுக்க நீயே எடு" என்றார்.

விறகு என்றதும் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அதற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது. காஸ் சிலிண்டர் வெறுமையாகிப் பல மாதம். பச்சை வேம்பு காயும்வரை வயிறு பொறுக்குமா? தம்பிராசாவின் பக்கம் புகை போகாதபடி பார்த்து, முற்றத்தின் மறுகரையில் மூன்று கல் வைத்து மூட்டினாள். புகை மண்டபத்துக் கூரைப் பக்கம் போனது.

சோலர் பூட்டி நாலாம் நாள், அதைப் பராமரிக்கிற லக்ஷன் வேலியடிக்கு வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமலே கதைத்தான்.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ. உங்கடை அடுப்புக் கரியெல்லாம் கண்ணாடியிலை படியுதாம். உள்ளுக்கை வைச்சுச் சமைக்கட்டாம். முதலாளி சொல்லச் சொன்னவர்."

"கரண்ட் நிண்டால் ஓடுற உங்கடை மண்டபத்து ஜெனரேற்றர் புகை என்ரை கொட்டிலுக்கைதானே வாறது, தம்பி? அதை ஆரிட்டைச் சொல்லுறது?"

"நான் என்ன செய்ய அன்ரி? நானும் நாட்கூலிதான்."

கல் மூன்றும் உள்ளே போயின. சோறு அரைப்பதமாகக் கொதிக்கையில் தம்பிராசா இருமத் தொடங்கினார். இருமல் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தால் உதடு நீலம் பாய்ந்து கிடந்தது. பூரணம் பதறிப்போய்க் குடத்துத் தண்ணீரை அடுப்பில் கவிழ்த்தாள். புகை இன்னும் கிளம்பியது. கட்டிலோடு சேர்த்து அவரை வெளியே இழுத்தாள்.

வெளியே உச்சி வெயில். ஒதுங்க ஒரு சாண் நிழல் இல்லை. கிழிந்த குடையொன்றை விரித்து அவர் முகத்துக்கு மேலே பிடித்தாள்.

"என்னப்பா, மூச்சை விடுங்கோ. மெல்ல விடுங்கோ."

மேலே மண்டபக் கூரையில் லக்ஷன் குழாயோடு நின்றான். கண்ணாடி சூடேறினால் கரண்ட் குறையுமாம். ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான்.