பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்

ஓவியக்காரியும் சிற்பியும் ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்து, நடுவில் பலகைத் தடுப்பு போட்டு, ஆளுக்கொரு பக்கம் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தடுப்பு கூரையைத் தொடாது. இந்தப் பக்கத்து டர்பன்டைன் வாசனை அந்தப் பக்கம் போகும். அந்தப் பக்கத்தில் கம்பி வெட்டும் சத்தம் இந்தப் பக்கம் வரும். அதெல்லாம் ஓவியக்காரிக்குப் பழகிப்போயிற்று. பழகாதது காட்சிக்கூடத்துக்காரரின் சிரிப்பு.

மூன்று வருஷம் அந்தச் சிரிப்பு இவள் பக்கத்தில்தான் இருந்தது. இவள் படங்களை முதன்முதலில் நல்ல சுவரில் மாட்டியவர் அவர். இந்தப் பழக்கம் கல்யாணத்தில்தான் முடியும் என்று அக்காள் உட்பட எல்லோரும் நினைத்தார்கள், இவளும்தான். ஒரு நாள், சிற்பியின் வேலையை ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன் என்று தடுப்பைச் சுற்றிப் போனவர், போனவர்தான்.

"விட்டது தொல்லைன்னு தலைமுழுகிட்டு வேலையப் பாருடி," என்றாள் அக்காள்.

"உனக்கென்னக்கா, சொல்லிட்டே. நாளெல்லாம் காதுகிட்ட சிரிச்சா எங்க போய் முழுகறது?"

சிற்பி இவளைவிடச் சின்னவள். எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போவாள். அதுவும் இவளுக்கு நடிப்பாகத்தான் பட்டது. வேண்டாதவள் கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம்.

அப்படியிருக்கும்போது, இருவருக்கும் சேர்த்து ஒரே கண்காட்சி என்று காட்சிக்கூடத்துக்காரர் அறிவித்தார். மறுத்தால் தோற்றவளாகிவிடுவோம் என்ற வீம்பில் ஓவியக்காரி சரி என்றாள்.

படம் மாட்டும் நாளன்று கூடத்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நடுவில், கூரையிலிருந்து, சிற்பியின் வேலை தொங்கியது. மெல்லிய கம்பியை முடிச்சு முடிச்சாகப் பின்னிய ஒரு பெரிய விரிப்பு. மின்விசிறிக் காற்றில் அது அசைய, தரையெங்கும் அதன் நிழல் ஓடியது. குறை கண்டுபிடிக்கத்தான் வந்திருந்தாள். கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. சிற்பியின் வேலையாவது சுமாராக இருந்து தொலைக்கக் கூடாதா என்று வயிறு பற்றி எரிந்தது.

ஏணியில் ஏறித் தன் படத்தை மாட்டிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் பேச்சுக் கேட்டது. காட்சிக்கூடத்துக்காரர் அந்தக் கம்பி விரிப்பின் கீழே 'தாய்மையின் மௌனம்' என்று அச்சடித்த அட்டையை வைத்துக்கொண்டிருந்தார்.

"தாய்மையெல்லாம் இல்லீங்க," என்றாள் சிற்பி. "தகரக் கூரை மேல மழைத்தண்ணி ஓடுமே, அதத்தான் நெனச்சு பண்ணேன். தலைப்பே வேணாம்னு சொன்னேனே."

அவர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்தார். "உன் கைக்குத் தெரியறது உனக்குத் தெரியாது. அதுக்குத்தான் நான் இருக்கேன்."

ஓவியக்காரியின் சுத்தியல் அந்தரத்தில் நின்றது. அதே வசனம். அதே இழுவை. அதே கண்ணாடி. அவரோடு பழகிய புதிதில் அதைக் கேட்டு உருகிப்போய், உலகத்தில் தன்னைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் இவர்தான் என்று இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தாள். நனைந்த மழைக்கோட்டு ஒன்று கதவில் தொங்குவதாக அவள் வரைந்த படத்துக்கு அவர் வைத்த தலைப்பு 'பிரிவின் மௌனம்'. அந்த அட்டை இப்போதும் அவள் மூக்குக்கு நேரே இருந்தது.

ஏணி ஆடும் அளவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சிரிப்பு அங்க?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல. அரைச்ச மாவையே அரைக்கிறீங்க. எனக்குச் சொன்னப்பவும் கண்ணாடியைக் கழட்டினீங்க."

சிற்பி அவர் கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். பிறகு அதை அவசரமாக மாட்டிக்கொண்டு, யாருக்கோ போன் பண்ண வேண்டும் என்று வெளியே போனார்.

"உங்களுக்கும் மௌனம்தானா?" என்றாள் சிற்பி.

"எனக்குப் பிரிவோட மௌனம். உனக்குத் தாய்மையே கெடைச்சிருச்சு. பதவி உயர்வுதான் போ."

இருவரும் சிரித்தார்கள். சிற்பி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எத்தனையோ தடவ உங்ககிட்ட பேச வந்தேன்கா. திட்டுவீங்கன்னு பயம்."

"திட்டத்தான் செஞ்சேன், தெனமும். காதுல விழல?"

"விழுந்துச்சு. அதான் கம்பி வெட்டற மெஷினைப் போட்டுக்குவேன்."

இத்தனை நாள் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் எழுந்து போனது போலிருந்தது ஓவியக்காரிக்கு. தன்னிடமிருந்து பறிபோனதாக நினைத்தது என்ன என்று யோசித்துப் பார்த்தாள். ஒரு சிரிப்பு, ஒரு வசனம், ஒரு கண்ணாடி. தன் படத்துக்குக் கீழிருந்த அட்டையைப் பிய்த்தெடுத்துக் கசக்கினாள். கீழே சிற்பியும் தன் அட்டையை இரண்டாகக் கிழித்தாள்.

மறுநாள் கண்காட்சிக்கு வந்த ஒருவர், இது என்ன என்று கம்பி விரிப்பைக் காட்டிக் கேட்டார். காட்சிக்கூடத்துக்காரர் வாயைத் திறந்தார்.

"நான் சொல்றேன்," என்றாள் சிற்பி. தலை நிமிர்ந்திருந்தது. காட்சிக்கூடத்துக்காரர் அடுத்த அறைக்கு நழுவினார்.

அவரைச் சிற்பி வைத்துக்கொள்வாளா, விட்டுவிடுவாளா என்று ஓவியக்காரி கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை என்பது வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது. ஆனால் பொறாமை அடியோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். கூட்டம் குறைந்ததும் அந்த விரிப்பை இன்னொரு முறை சுற்றி வந்தாள். படுபாவி, எப்படிச் செய்திருக்கிறாள்!

"இந்த முடிச்செல்லாம் அவுந்துடாதா?" என்று கேட்டாள்.

"ரெண்டு சுத்து சுத்தி உள்ள விட்டு இழுக்கணும்கா. கைய நீட்டுங்க," என்று சிற்பி பையிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை எடுத்தாள்.