மடத்துக் கசப்பு

ஆய்வுகூடத்துப் பெண் தொலைபேசியை வைத்து ஒரு மணித்தியாலம் ஆகியும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாளை காலை பத்து மணிக்கு நான் போய்ப் பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுக்க வேண்டும். போகாவிட்டால் குடித்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். ஒரு வருடத்தில் ஆறு பரிசோதனை, முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். ஐந்தைத் தாண்டிவிட்டேன். இந்த ஆறாவதும் சரி வந்தால், குடித்துவிட்டு ஓட்டிப் பறிகொடுத்த லைசென்ஸைத் திருப்பிக் கேட்கலாம். பிழை வந்தால் மறுபடி முதலிலிருந்து.

குசினிக்கும் பல்கனிக்குமாக நடந்தேன். கீழே ஆற்றுக்கு மேலாகத் தொங்குரயில் போனது. மூன்று வருடமாக நான் அதில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். வான் ஓட்டிய மனிதன், இப்போது கிட்டங்கியில் பெட்டி அடுக்குகிறேன்.

குசினி மேசையில் அந்தப் போத்தல் நின்றது. பச்சைக் கண்ணாடி. லேபிளில் அங்கி போட்ட ஒரு சந்நியாசி, கையில் ஒரு பிடி மூலிகையோடு சாந்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் பொடி எழுத்தில் நாற்பத்தைந்து வீதம் அல்ககோல் என்று போட்டிருந்தது. என் மனைவி பிளோறன்ஸ் இதைத்தான் முந்தாநாள் என் வயிற்றுப் பொருமலுக்கு இஞ்சித் தண்ணீரில் ஒரு கரண்டி கலந்து தந்தாள். நேற்று வேலைக்குப் போகும் முன்பும் ஒன்று தந்துவிட்டுப் போனாள்.

"உனக்கு வாசிக்கத் தெரியாதோ?" என்று கத்தினேன். "இருபது வருசமா இந்த நாட்டிலை இருக்கிறாய்! ஒரு சொட்டுப் பட்டாலே சோதினை காட்டிக் குடுத்திடும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"மருந்துக் கடையிலைதானே வாங்கினனான்," என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. "இருமல் மருந்துக்குப் பக்கத்திலை இருந்தது. நீங்கள்தானேப்பா எப்பவும் சொல்லுறனீங்கள், இது குடிவகை இல்லை, மடத்துச் சாமிமார் வயித்துக்குக் காய்ச்சின மருந்து எண்டு."

சொன்னேன்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

பதினைந்து வருடம் நான் ஓட்டியது மதுவகை மொத்த வியாபாரி ஒருவரின் வான். முதலாளிக் கிழவர் ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு பூர்வீகம் வைத்திருந்தார். ஹொலண்ட்காரர் ஒருவகைக் காட்டுக்காயைப் போட்டு மருந்தாக வடித்ததுதான் லண்டனுக்குப் போய் ஜின் ஆனதாம். விஸ்கி என்ற சொல்லுக்கே உயிர்த் தண்ணீர் என்றுதான் அர்த்தமாம். வடக்கே சீரகம் போட்டு வடிக்கிறார்களே அக்வாவிட், அதன் பெயருக்கும் அதே அர்த்தமாம். இந்தக் கசப்பு மூலிகைச் சாராயங்கள் எல்லாம் மூலிகைத் தோட்டம் வைத்திருந்த மடங்களில் பிறந்தவையாம். போத்தலோடு சேர்த்துக் கதையையும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிளோறன்ஸின் முகம் கறுக்கும்போதெல்லாம் ஒரு சாமியாரை எடுத்துவிடுவேன். வாய் கூசியதே இல்லை.

வருடா வருடம் கேவலார் மாதா கோயிலுக்குப் போய், நான் குடியை விட வேண்டும் என்று மெழுகுதிரி கொளுத்துகிறவள் அவள். விஸ்கியின் உயிர்த் தண்ணீர்க் கதையை அவள் ஒருநாளும் நம்பவில்லை. சாமிமாரின் கசப்பை மட்டும் நம்பிவிட்டாள்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கடதாசியும் பேனையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நாளைக்கு நானும் வாறன். பிழை விட்டது நான், நானே சொல்லுறன். நீங்கள் டொச் பாசையிலை எழுதுங்கோ, நான் கையெழுத்து வைக்கிறன்."

"அவங்கள் கேக்கமாட்டாங்கள்."

"கேக்காட்டிப் பரவாயில்லை. உண்மையைச் சொன்னமெண்டு இருக்கட்டும்."

உட்கார்ந்தேன். கால் மட்டும் மேசைக்குக் கீழே ஆடிக்கொண்டே இருந்தது. அவள் நின்றபடி தமிழில் சொன்னாள், நான் எழுதினேன். தன் பெயர், விலாசம். கணவனுக்கு வயிறு சரியில்லாததால் மருந்தென்று நினைத்து இதை வாங்கியது. இஞ்சித் தண்ணீரில் கலந்தது. எல்லாம் தடையில்லாமல் வந்தது.

"இனி இதையும் எழுதுங்கோ. அதுக்குள்ளை என்ன இருந்ததெண்டு என்ரை மனுசனுக்குத் தெரியாது."

பேனை நின்றது.

பதினைந்து வருடம் பழகிய நாக்கு இது. இஞ்சியா அதை மறைக்கும்? முதல் வாயிலேயே ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லியது. கசக்கும் ஜென்சியன் வேர், தோடம்பழத் தோல், பெருஞ்சீரகம். பிறகு நெஞ்சுக்குள்ளால் மெல்ல இறங்கிய அந்தச் சூடு. ஒரு வருடமாக நான் ஏங்கிய சூடு. "கைக்குது" என்று முகத்தைச் சுளித்துக் காட்டிவிட்டு, கோப்பையில் ஒரு துளி மிச்சம் வைக்காமல் குடித்தேன். இந்த ஒரு மணித்தியாலமாக அவளைத் திட்டித் தீர்த்ததெல்லாம் இதை நினைக்காமல் இருப்பதற்காகத்தான். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"ஏன் நிப்பாட்டிட்டீங்கள்? எழுதுங்கோ."

"அதை எழுத ஏலாது."

"ஏன்?"

"எனக்குத் தெரியும், பிளோறன்ஸ். வாயிலை வைச்ச உடனையே தெரியும்."

அவள் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் கையிலிருந்த பேனையை வாங்கி மூடி போட்டாள். பிறகு போத்தலை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தாள். நேற்று அவள் வேலைக்குப் போன பிறகு நான் வீட்டில் தனியாக இருந்தேன்.

"எத்தினை கரண்டி குடிச்சனீங்கள்?"

"ஆறு."

"நான் தந்தது ரெண்டு," என்றாள் பிளோறன்ஸ்.