மகள் வீட்டு ஏசி

மூன்றாவது தடவையாக அதே வீட்டு வாசலில் அதே நைட்ரஜன் சிலிண்டரை இறக்கும்போது ஜாயிண்ட் மாஸ்டருக்குக் கை வழுக்கியது. வியர்வை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அன்றைக்குக் காற்றில் இருந்த ஈரத்துக்கு, கொடியில் போட்ட துணி இரண்டு நாளாகக் காயாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் உண்மைக் காரணம் அது இல்லை. மாடியிலிருந்து சம்பந்தியம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்தேழு வருடமாக ஏசி மெக்கானிக். செம்புக் குழாயை அவர் இணைத்தால், அந்த ஏசி பழைய இரும்புக் கடைக்குப் போகிறவரை இணைப்பு ஒழுகாது என்பது தொழிலில் இருக்கிறவர்கள் ஒத்துக்கொண்ட விஷயம். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் உதிரிபாகக் கடைக்காரருக்கே ஆளைத் தெரியாது. அப்பேர்ப்பட்ட மனிதர் பெற்ற மகளின் புகுந்த வீட்டில் தன் கையாலேயே மாட்டிக்கொடுத்த ஏசி, கடைசி மூன்று மாதத்தில் இரண்டு தடவை கேஸையெல்லாம் விட்டுவிட்டு மின்விசிறி வேலை பார்த்தது. ஊரார் வீட்டு ஏசியெல்லாம் ஜில்லென்று ஓட, இது மட்டும் அவர் மானத்தை வாங்குவதென்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தது. இப்போது மறுபடியும்.

மகளுக்கு எட்டாம் மாதம். கால் வீங்கியிருந்தது, படுத்தால் மூச்சு முட்டியது, உடம்பு சூடேறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதைவிடப் பெரிய இடி முந்தின நாள் போனில் விழுந்தது. சம்பந்தியம்மா பேசினார். நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு வேறு ஒரு மெக்கானிக்கை வரச் சொல்லியிருப்பதாகச் சொல்லிவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி" என்று முடித்தார். இதைச் சொன்ன பிறகு தப்பாக எடுத்துக்கொள்ளாதவன் உலகத்தில் எவன் இருக்கிறான்.

வேறு ஒருத்தன் வந்து, தன் வேலையைப் பிரித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "யார் போட்டது இது?" என்று கேட்பான். மாஸ்டருக்கு அது கண் முன்னால் ஓடியது. ஓடாமல் என்ன செய்யும், அவரே எத்தனை வீட்டில் அப்படி உதட்டைப் பிதுக்கியிருக்கிறார். கேள்விக்குப் பதிலாக அந்த வீட்டில் தன் மகளைக் கை காட்டுவார்கள் என்பதுதான் அவரை இருப்புக்கொள்ளாமல் அடித்தது. இன்றைக்குள் லீக்கைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

மாடியேறியதும் சம்பந்தியம்மா தண்ணீர் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் தரையைப் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். மாப்பிள்ளை வேலை விஷயமாக வெளியே போயிருந்தார், வர இரண்டு நாளாகும். "போன தடவையும் சரியாயிடுச்சுன்னுதான் சொன்னீங்க" என்றார் சம்பந்தியம்மா. குரலில் கோபம் இல்லை. காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை என்று அட்டையில் எழுதுகிற குரல். மாஸ்டர் டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

போன இரண்டு தடவையும் தான் என்ன செய்தோம் என்பது அவருக்குத் தெரியும். அதுதான் உறுத்தல். வேறு யார் வீடாக இருந்தாலும் உள் யூனிட்டைக் கழற்றிக் கீழே இறக்கி, நைட்ரஜனை ஏற்றி, அழுத்தம் இறங்குகிறதா என்று ஒரு ராத்திரி முழுக்க அப்படியே விட்டுப் பார்த்திருப்பார். இங்கே கட்டிலை நகர்த்த வேண்டும், மெத்தைமேல் அழுக்குத் தண்ணீர் கொட்டும், மகளின் படுக்கையறையில் அரை நாள் குந்தியிருக்க வேண்டும். சம்பந்தி வீடு. போய் அரை மணி நேரத்தில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்புவதுதானே மரியாதை. அதனால் கைக்கு எட்டிய இணைப்புகளை மட்டும் அவிழ்த்துப் புதிதாகப் போட்டார், கேஸை நிரப்பினார், கிளம்பிவிட்டார். மரியாதை பார்த்ததில் வேலை கெட்டது.

இன்னொன்றும் உண்டு. "உங்க இணைப்புலதான் ஏதோ கோளாறு போல" என்று சம்பந்தியம்மா முதல் தடவையே ஒரு வார்த்தை விட்டிருந்தார். அந்த வார்த்தை முள்ளாய்த் தைத்து, அவர் தன் இணைப்பையே திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தார். உள் யூனிட்டுக்குள் காற்றைக் குளிர வைக்கிற காயிலின் பக்கம் சரியாகத் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தாலும் சுலபத்தில் தெரிந்திருக்காது. காய்ந்த ஊராக இருந்தால் லீக் இருக்கிற இடத்தில் கேஸோடு கசிந்த எண்ணெயின் கறை காட்டிக்கொடுக்கும். இந்த ஈரக் காற்றில் காயில் நாள் முழுக்க வியர்த்து, கறையைக் கழுவிக்கொண்டே இருக்கும். சோப்பு நுரை போட்டால் அதுவும் நீர்த்து வழிந்துவிடும்.

அன்றைக்கு அவர் மரியாதையை மூட்டை கட்டி வைத்தார். கட்டிலை இழுத்தார். மிச்சமிருந்த கேஸை வெளி யூனிட்டுக்குள் தள்ளி அடைத்தார். உள் யூனிட்டைப் பிரித்து, காயிலை அதன் குழாய் இணைப்போடு வெளியே எடுத்தார். முனைகளை மூடி, நைட்ரஜனை முந்நூறு பவுண்டு அழுத்தம் வரை ஏற்றினார். கேஜ் முள் அசையாமல் நின்றது. ஐந்து நிமிடம் நின்றது. மாஸ்டர் நிற்கவில்லை. ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார், பையைத் திறந்தார், எதற்கென்று தெரியாமல் மூடினார். பத்தாவது நிமிடத்தில் முள் ஒரு மயிரிழை இறங்கியதா, கண்ணுக்குத்தான் அப்படித் தெரிந்ததா என்று புரியவில்லை.

"தண்ணில முக்கிடுங்கப்பா" என்றாள் மகள், கதவில் சாய்ந்து ஒரு கையை இடுப்பில் ஊன்றியபடி. பள்ளிக்கூடக் காலத்தில் லீவு நாளெல்லாம் அவருக்கு டார்ச் பிடித்தவள். அவளுக்கு இதெல்லாம் அத்துப்படி.

முக்கலாம். எதில் முக்குவது? வாளியில் கொள்ளாது. மகள் உள்ளே போய், இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ஒரு மஞ்சள் டப்பை இழுத்துக்கொண்டு வந்தாள். பிறக்கப்போகும் குழந்தையைக் குளிப்பாட்ட சம்பந்தியம்மா பார்த்துப் பார்த்து வாங்கி வைத்தது. அதற்குள் அழுக்குக் காயில் இறங்கப்போகிறது என்று தெரிந்தபோது அந்தம்மா முகத்தில் ஈயாடவில்லை. திரும்பி ஹாலுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட மாஸ்டருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

குளியலறையில் டப்பை நிரப்பி, முதலில் இணைப்பு இருக்கிற பக்கத்தை முக்கினார். வேண்டாத சாமியையெல்லாம் அந்த நேரத்தில் வேண்டினார். ஒரு குமிழிகூட இல்லை. கால் மணி நேரம் முழங்கால் தரையில் பதியக் காத்திருந்தார். இல்லை. மறுபக்கத்தைத் திருப்பி முக்கினார். முதலில் தகடுகளுக்குள் மாட்டியிருந்த காற்று வெளியேறியது. அப்புறம் தண்ணீர் அடங்கியது. அப்புறம், வளைவுக்கு நாலு விரல் தள்ளி, கடுகளவுக்கு ஒரு குமிழி எழும்பி மேலே வந்து உடைந்தது. இன்னும் குனிந்தார். இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் வேறொன்று. பார்க்கப் பார்க்க ஐந்தாறு இடத்தில் நூல் பிடித்தது போலக் குமிழிகள்.

லீக் காயிலில். அவர் இணைப்பில் இல்லை. மூன்று மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து போனது போல் இருந்தது. சத்தியமாக அந்த நிமிடம் அவர் அந்த மஞ்சள் டப்பை முத்தமிட்டிருப்பார்.

காயிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். செம்பு பல இடத்தில் நீலமும் பச்சையுமாகப் பூத்திருந்தது. ஊசித் துளைகள். மேலே கடுகளவு, உள்ளே எறும்புப் புற்று மாதிரி வளை வளையாகப் போகும். ஒன்றை அடைத்தால் அடுத்த வாரம் பக்கத்தில் ஒன்று திறக்கும். காயிலையே மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஈரக் காயிலும் ஏதாவது ஒரு அமிலமும் சேர்ந்தால்தான் செம்பு இப்படி அரிக்கும். இந்த வீட்டில் ஏது அமிலம்? மூக்கருகே கொண்டுபோனார். அத்தனை தண்ணீரிலும் போகாமல் லேசான புளித்த வாடை வந்தது.

தலையைத் தூக்கினால் எதிர் அலமாரியில் ஒரு ஸ்ப்ரே பாட்டில். வெள்ளைத் தாள் ஒட்டி, நர்ஸ் கையெழுத்தில் நறுக்கென்று எழுதியிருந்தது: 'வினிகர். ஏசி. ஞாயிறு, புதன்.'

மாஸ்டர் அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்த வேகத்தில் முழங்கால் சடக்கென்றது. நேரே ஹாலுக்குப் போய் அதை மேசைமேல் வைத்தால் போதும், ஒரு வார்த்தை பேச வேண்டாம். வாசலை மகள் மறித்துக்கொண்டு நின்றாள். பாட்டிலைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

அது போதும் அவருக்கு. "உனக்குத் தெரியுமா?" என்றார்.

மகள் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டாம் மாதத்தில் ஏசியிலிருந்து வந்த ஈரத்துணி வாடைக்கு அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்ததாம். அத்தைக்கு அது பொறுக்கவில்லை. போனில் யாரோ சொல்லிக்கொடுத்ததைப் பார்த்துவிட்டு, அன்றிலிருந்து வாரம் இரண்டு தடவை நாற்காலி போட்டு ஏறி, முட்டி வலியோடு அடித்துத் துடைத்திருக்கிறார். இரண்டாவது தடவை கேஸ் போனபோதே இவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. காயில் பக்கம் புளிப்பு எதையும் கொண்டுபோகாதே என்று அப்பா வீட்டில் கத்தியதைக் கேட்டு வளர்ந்தவள்தானே.

"அப்புறம் ஏம்மா சொல்லல? நான் இங்க குற்றவாளி மாதிரி நின்னுக்கிட்டிருக்கேன்."

"உங்களைச் சொன்னா நீங்க வண்டியை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்கப்பா. அவங்களைச் சொன்னா, நான் இங்கதானே இருக்கணும்."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது, வந்த வழியே போனது. தன்னை விட்டுக்கொடுத்துவிட்டாளே என்று வலித்தது. அவள் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லையே என்று அதைவிட வலித்தது. பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு நடந்தார். அந்தப் பத்து அடி தூரத்தில் இருபத்தேழு வருடத்துப் பெயரை எப்படி இறக்கி வைப்பது என்று வார்த்தை தேடினார். நல்ல வார்த்தை எதுவும் அகப்படவில்லை.

"என் ஜாயிண்ட்தாங்க லீக். அதோட காயிலும் கெட்டுப்போச்சு. நாளைக்குக் காலையில எட்டு மணிக்குள்ள புதுக் காயில் கொண்டுவந்து மாட்டிடறேன்."

குத்திக்காட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றார். சம்பந்தியம்மாவோ நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டு உட்காரச் சொன்னார். முப்பது வருடத்தில் தானும் எத்தனையோ ஊசியை மாற்றிக் குத்தியிருப்பதாகச் சொன்னார். கை என்று இருந்தால் ஒருநாள் தவறத்தான் செய்யும், இதற்காக மனசை விடக்கூடாது என்றார். அவருடைய குத்தலைத் தாங்கிய மாஸ்டரால் இந்த மன்னிப்பைத் தாங்க முடியவில்லை. செய்யாத தப்புக்கு இவ்வளவு அன்பாக யாரும் அவரை மன்னித்ததில்லை. நாற்காலி நுனியில் நெளிந்தார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. "நீங்க கவலையே படாதீங்க" என்றார் சம்பந்தியம்மா. "புதுசை நான் பாத்துக்கறேன். வாரத்துக்கு மூணு தடவையா அடிச்சுத் துடைச்சிடறேன்."

மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாயைத் திறந்தால் மகளின் நிம்மதி போச்சு. மூடினால் புதுக் காயிலும் போச்சு, பிள்ளை பிறக்கிற நேரத்தில் நாலாவது தடவை இதே வாசலில் இதே சிலிண்டரை இறக்க வேண்டியதுதான். மெக்கானிக் மட்டும்தான் உள்ளே கை வைக்கலாம், கம்பெனி விதி என்று ஏதோ ஆரம்பித்து, பாதியில் அவருக்கே சிரிப்பு வந்துவிடும் போலிருந்ததால் நிறுத்தினார்.

"வேண்டாம் அத்தை." மகள் வந்து நின்றாள். கையில் அந்தப் பாட்டில். "இதுதான் காயிலை அரிச்சிருக்கு. அப்பா ஜாயிண்ட் நல்லாத்தான் இருக்கு. அவர் பொய் சொல்றார்."

சம்பந்தியம்மா பாட்டிலைப் பார்த்தார், அதில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார், அப்புறம் மருமகளைப் பார்த்தார். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். போன தடவையிலிருந்து என்றாள் அவள்.

"அப்ப ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு அத்தை."

சம்பந்தியம்மா கோபப்படவில்லை. உதடு மட்டும் ஒரு பக்கம் இழுத்தது. "முப்பது வருஷம் எங்க வலிக்குதுன்னு கேட்டே சம்பளம் வாங்கினவ நான்" என்றார் மெதுவாக. "என் வீட்டுப் பொண்ணு என்கிட்ட வாயைத் திறக்கப் பயந்திருக்கா." மாஸ்டர் பக்கம் திரும்பினார். "நீங்களும்தான்."

ஜெயித்த ஆள் மாஸ்டர்தான். ஆனால் அந்த ஹாலில் அன்றைக்குத் தோற்காதவர் யாரும் இல்லை.

சம்பந்தியம்மா எழுந்தார். பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்ச் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்து, தாளை நகத்தால் சுரண்டிக் கிழித்துப் போட்டார். திரும்பி வந்து மருமகளின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார், வீங்கிய காலைத் தூக்கி முக்காலியில் வைத்தார். புதுக் காயிலை எதால் துடைக்க வேண்டும் என்று மாஸ்டரிடம் கேட்டார். வெறும் தண்ணீர் போதும் என்றார் அவர். "வெறும் தண்ணியா" என்று நம்பாமல் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு போனை எடுத்து, நாளைக்குக் காலை பத்து மணிக்கு வரவேண்டிய மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

"நீங்க வர வேண்டாம்பா. எங்க வீட்டு ஆளே கண்டுபிடிச்சுட்டார். இல்ல, ஜாயிண்ட்டெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கார். தப்பு என்னோடது."

எதிர்முனையில் இருந்தவன் இன்னும் ஏதோ கேட்டான். அவர் அதே வார்த்தையை இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார். மாஸ்டர் குளியலறைக்குப் போய், சோப்புப் போட்டு அந்த மஞ்சள் டப்பைத் தேய்க்க ஆரம்பித்தார்.