ராக்கம்மாவின் காது

எங்கள் துறைமுக ஊரில், பழைய கப்பல் பதிவில் தன் முன்னோரைக் கண்டுபிடிப்பவருக்கு அந்த முன்னோரின் அங்க அடையாளத்தைக் கொடுத்துவிடுவார்கள். மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஆவண அலுவலகத்தில் போய்க் கேட்க வேண்டும். உறவு சரியாக இருந்தால் அங்கே பதிவு எழுதும் கிராணி தலையை ஆட்டுவார். வீட்டுக்கு வந்து படுத்து எழுந்தால் அடையாளம் உடம்பில் இருக்கும்.

கப்பலில் வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, ஊர், அங்க அடையாளம் என்று அந்தக் காலத்தில் எழுதியிருக்கிறார்கள். பெயர் பொய்யாக இருக்கலாம். வயது எப்போதும் குத்துமதிப்பு. அடையாளத்தை மட்டும்தான் எழுதியவர் தன் கண்ணால் பார்த்து எழுதினார். அதனால் எங்கள் ஊரில் அதற்குத்தான் மரியாதை. எதிர்வீட்டுச் சைக்கிள் கடை கலியமூர்த்தி அண்ணனின் விலாவில் மாடு முட்டிய தழும்பு இருக்கிறது. அவர் தன் வாழ்நாளில் மாட்டைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. திருவிழா நாளில் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். மற்ற நாளிலும் அப்படித்தான் நடப்பார்.

புருஷன், பெண்டாட்டி இருவரையும் பதிவில் கோடு போட்டுச் சேர்க்காத குடும்பங்கள் இன்னும் கப்பலில் இருப்பதாகத்தான் கணக்கு. அவர்களுடைய வீடுகள் லேசாக ஆடும். எங்கள் வீடும் ஆடியது. பெரிய ஆட்டம் இல்லை. கோப்பியை விளிம்புவரை ஊற்றக்கூடாது, அவ்வளவுதான். நான் ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவன், பகலில்தான் படுப்பேன். படுத்தால் தூக்கம் ஒரு பக்கமாகச் சரியும். அதைப் பிடிக்க நானும் சரிவேன். கல்யாணம் ஆகவில்லை, தலை பாதி நரைத்துவிட்டது, இதுவும் பழகிவிட்டது.

அக்கா மகள் லோகேஸ்வரிக்கு மாப்பிள்ளை அமைந்தபோதுதான் இது ஒரு விஷயமானது.

எங்கள் ஊர்க் கல்யாணத்தில் தாலி கட்டும் முன் பெண்ணின் தாய்மாமன் மேடை ஏற வேண்டும். கப்பலில் வந்தவரின் பெயரைச் சபைக்குச் சொல்லி, அவருடைய அடையாளத்தைக் காட்டி, பிறகு பெண்ணுக்கு மாலை போட வேண்டும். மாமன் மாலை விழாத கழுத்தில் தாலி ஏறாது. லோகேசுக்கு நான் ஒரே மாமன். என் உடம்பில் அடுப்புத் தட்டு சுட்ட கோடுகளைத் தவிர ஒன்றும் கிடையாது.

மாப்பிள்ளையின் அப்பா கோவிந்தராஜு ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்கு இடதுகாலில் ஆறாவது விரல் உண்டு. கப்பலில் வந்த விரல். அதற்காகச் செருப்பில் ஓட்டை போட்டிருந்தார். நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"தம்பி, வீடு நல்லா காத்தோட்டமா இருக்கு. ஆனா ஆடுது."

"ஆமாங்கையா. வடக்குப் பக்கம் கொஞ்சம் கூட."

"ஆடுற வீட்டுலேருந்து பொண்ணு எடுக்கிறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. பொண்ணு தங்கம். எங்க சுகுமாரன் அவளைத் தவிர வேற யாரையும் கட்டமாட்டேன்னு நிக்கிறான். மாமன் அடையாளம் காட்டிட்டாப் போதும். காட்டலைன்னா..."

அவர் முடிக்கவில்லை. அக்கா தனலெட்சுமி அரைக் கோப்பை கோப்பியை அவரிடம் நீட்டினாள்.

அவர் போன பிறகு லோகேஸ் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே துணியைத் திரும்பத் திரும்ப மடித்தாள்.

"மாமா, உங்க முதுகுல தேமல் இருக்கே. அதைக் காட்டுங்களேன்."

"அது என் சொந்தத் தேமல்டா. செல்லாது."

"அப்ப நான் சுகுமாரன்கிட்ட என்ன சொல்ல?"

மறுநாள் வேலை முடிந்ததும், தலையில் மாவோடு நேராக ஆவண அலுவலகத்துக்குப் போனேன். சூடான பன் ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். கிராணி பிலோமினா அதை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை எனக்கே கொடுத்தார்.

"பசியாறிட்டுப் பேசுங்க அண்ணே. யாரைத் தேடணும்?"

எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தது ஒரே பெயர்தான். ராக்கம்மா. அக்காவுக்கும் எனக்கும் கொள்ளுப்பாட்டி முறை. அவளுடைய கணவரின் பெயர் யாருக்கும் தெரியாது. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் ராக்கம்மா உயிரோடு இருந்தவரை அதைச் சொல்லவில்லை. பிள்ளைகள் அவரை அப்பா என்றார்கள். அவர் கூலி வேலை பார்த்த தோட்டத்தில் நெட்டை என்றார்கள். எல்லோரும் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் பெயர் இல்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

பிலோமினா பெண்கள் பதிவை எடுத்துப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்து வாசித்தார்.

"ராக்கம்மா. வயசு பத்தொன்பது. ரெண்டு காதும் தோள்வரை தொங்கும். கணவர் பெயர்: கேட்டதற்குத் தரையைப் பார்த்தாள்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அப்பல்லாம் ஆம்பளைக்கு ஒரு வரிசை, பொம்பளைக்கு ஒரு வரிசை. புருஷன் பேரைச் சொன்னாத்தான் ரெண்டு பதிவையும் கோடு போட்டுச் சேர்ப்பாங்க. இந்தம்மா சொல்லல."

"கையைக் காட்டியிருக்கலாமே, இவருதான்னு."

"எப்படிக் காட்டும்? நடுவுல சுவர் இருந்துச்சே. அப்புறம்தான இடிச்சாங்க." கொஞ்சம் யோசித்தார். "இப்போதைக்கு ராக்கம்மா காது இருக்கு. யாரும் வாங்கல. வேணுமா?"

வேண்டும் என்றேன்.

அன்று பகலில் சரிந்து சரிந்து தூங்கி எழுந்தபோது காதுகள் தோளில் கிடந்தன. நல்ல கனமான, மெதுவான காதுகள். கை நுழையும் அளவுக்குத் துளை. அக்கா பார்த்துவிட்டு, "நம்ம குடும்பக் காதுதான், சந்தேகமே இல்ல" என்றாள். லோகேஸ் ஒன்றைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தாள். தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் செல்லப்பா தலையில் போடும் வலையைப் பெரிதாக ஒன்று எடுத்துக் கொடுத்தார்.

"காதையும் சேர்த்து உள்ள போட்டுக்க. போன வருஷம் ஒருத்தரு தாடி மாவுல விழுந்து ஒரு தட்டு ரொட்டி வீணாப் போச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமை கோவிந்தராஜு மறுபடி வந்தார். என் காதுகளை இரண்டு பக்கமும் நின்று பார்த்தார். தொடலாமா என்று கேட்டுத் தொட்டார்.

"காது முதல் தரம். ஆனா தம்பி, இது பொம்பளை அடையாளம். மாமன் காட்டுறது ஆம்பளை அடையாளமா இருக்கணும். எங்க பக்கத்து ஆளுங்க ஒரு மாதிரி."

"எந்தப் பக்கத்து ஆளுங்க ஐயா?"

"நான்தான்," என்றார்.

மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. சுகுமாரன் பட்டறையில் லீவு சொல்லிவிட்டான். லோகேஸ் என்னோடு பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்தே பேசினாள். நான் மீண்டும் பிலோமினாவிடம் போனேன்.

"நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன்," என்றார் அவர். "காது வந்தா பழக்கமும் கூட வந்திருக்கும். அந்தக் கப்பல்ல வந்த ஆம்பளைங்க பேரை நான் வாசிக்கிறேன். நீங்க திருப்பிச் சொல்லுங்க. எது உங்க வாயில வரலையோ, அது அவரு."

பெரிய பதிவு அது. பிலோமினா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"உடையப்பன்."

"உடையப்பன்."

"சடைமாயன்."

"சடைமாயன்."

"கூத்தன். கருத்தப்பாண்டி. இருளப்பன்."

எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் வந்தது. சந்தையில் மீன் தீர்ந்து, கூடைகளைக் கழுவும் சத்தம் கேட்டது. அவர் ஒரு பக்கத்தைத் திருப்பி அடுத்த பெயரை வாசித்தார்.

நான் வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காது இரண்டும் சூடாகின. கழுத்து தானாகக் குனிந்து, சிமெண்டுத் தரையில் இருந்த ஒரு கீறலைப் பார்த்தேன்.

"சொல்லுங்க அண்ணே."

"அவருதான்."

"எவரு?"

"அதான், நீங்க இப்ப வாசிச்சீங்களே. அவரு."

பிலோமினா பென்சிலால் அந்த வரியில் ஒரு புள்ளி வைத்தார். அந்தப் பெயரை இங்கே எழுதலாம் என்று பார்த்தேன். கையும் மாட்டேன் என்கிறது.

"அடையாளம் என்னன்னு கேளுங்க," என்று வாசித்தார். "சிரித்தால் வலது கன்னத்தில் குழி விழும். இதைப் பாருங்களேன். இந்தப் பக்கம் முழுக்கத் தழும்பு, வெட்டு, தீக்காயம். இறங்கும்போது சிரிச்ச ஆளு இவரு ஒருத்தர்தான் போல. எழுதினவரும் வேற எதையும் தேடல." பதிவை மூடினார். "ஒரே உடம்புல ரெண்டு பேரு. கொஞ்சம் நெருக்கமா இருக்கும். பொறுத்துக்குங்க."

அன்றைக்குத் தூங்கி எழுந்து கண்ணாடியில் பார்த்தேன். கன்னம் பழைய கன்னமாகவே இருந்தது. சிரித்தால்தானே விழும். உதட்டை இழுத்துப் பார்த்தேன், பல் தெரிந்தது, குழி விழவில்லை. எனக்குச் சிரிக்கத் தெரியாது என்றில்லை. ஊர் சிரிக்கிற நேரத்தில் நான் தூங்குகிறவன். லோகேஸ் தனக்குத் தெரிந்த கோமாளித்தனமெல்லாம் செய்து காட்டினாள். அக்கா என் விலாவில் விரலால் குத்தினாள். கலியமூர்த்தி அண்ணன் வந்து மாடுபோல் கத்தினார். எல்லோருடைய அன்பும் புரிந்தது. சிரிப்பு வரவில்லை.

"மேடையில வந்துடும் மாமா," என்றாள் லோகேஸ். அவளுக்கே நம்பிக்கை இல்லை.

கல்யாண நாளில் மாலையோடு மேடை ஏறினேன். லோகேஸ் தலையைக் குனிந்து நின்றாள். அவள் கை சேலை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது. சுகுமாரன் வியர்த்துப்போய் என்னையே பார்த்தான். மேளக்காரர் குச்சியைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"கப்பல்ல வந்தவரு பேரைச் சபைக்குச் சொல்லுங்க," என்றார் கோவிந்தராஜு.

சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. காது சூடானது. தரையைப் பார்த்தேன்.

"சொல்லுப்பா," என்றாள் அக்கா கீழேயிருந்து. 

மறுபடி முயன்றேன். முதல் எழுத்து உதடுவரை வந்து திரும்பி ஓடியது. மாலையைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டேன்.  அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அடியே, வெக்கப்படுது பாருடி!"

"கல்யாணம் பொண்ணுக்கா, மாமனுக்கா?"

"புருஷன் பேரைக் கேட்டா எந்தப் பொம்பளை சொல்லுவா? விடுங்கய்யா, பாவம்!"

எனக்குக் கழுத்துவரை சூடேறியது. மாலைக்குப் பின்னால், என்னை அறியாமல், களுக்கென்று சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தேன். அடக்க அடக்க அதிகமாகியது. காதுகள் குலுங்கித் தோளில் மோதிக்கொண்டன.

"விழுந்துடுச்சு!" என்று கத்தினாள் லோகேஸ். "மாமா, அப்படியே இருங்க!"

கோவிந்தராஜு கிட்டே வந்து என் வலது கன்னத்தில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். நகம் முழுதாக உள்ளே போனது.

"அடையாளம் சரி," என்றார். "பேரு?"

நான் மறுபடி தரையைப் பார்த்தேன். அவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் அவரை முறைத்தார்.

"எங்க வீட்டுலயும்தான் இன்னிவரைக்கும் சொன்னதில்ல," என்றார் கோவிந்தராஜு. "சரி, மாலையப் போடுங்க தம்பி. மேளம்!"

மாலை விழுந்தது. தாலியும் ஏறியது.

அன்று வீட்டுக்கு வந்தபோது வீடு ஆடவில்லை. அக்கா கோப்பியை விளிம்புவரை ஊற்றி மேசையில் வைத்து, அதைக் குடிக்காமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படுத்தேன். தூக்கம் நேராக வந்து என்மேல் உட்கார்ந்தது.

சில நாள் கழித்து பிலோமினா தொழிற்சாலை வாசலுக்கே வந்தார். பன் இல்லை, ரொட்டி இருந்தது. கொடுத்தேன்.

"கல்யாணத்தன்னைக்கே கோடு போட்டுச் சேர்த்தாச்சு அண்ணே. ராக்கம்மா குடும்பம் கப்பல்லேருந்து இறங்கலாம்னு சொல்லிட்டாங்க. திங்கட்கிழமை காலையில துறைமுகத்துக்கு வந்துடுங்க. மூட்டையை மறந்துடாதீங்க."

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு, ஒரு வேட்டியும் சேலையும் அக்கா கட்டிக் கொடுத்த சோறும் வைத்து மூட்டை கட்டிக்கொண்டு போனேன். வெயில் இதமாக இருந்தது. பெண்கள் வரிசை நீளம், அதில் போய் நின்றேன். முன்னால் நின்றவள் என் காதைப் பார்த்து, எந்த ஊர் என்று விசாரித்தாள். மெல்ல மெல்ல மேசைவரை வந்தேன். அங்கே உட்கார்ந்திருந்த வேறொரு கிராணி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பேரு?"

"ராக்கம்மா."

"புருஷன் பேரு?"

தரையைப் பார்த்தேன். பிறகு, நடுவில் சுவர் இல்லை என்பது ஞாபகம் வந்தது. கையை நீட்டிக் காட்டினேன். கிராணி எட்டிப் பார்த்தார். ஆண்கள் வரிசையிலும், மூட்டைக்குக் காவலாக நானே நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து ஆள் ஏதோ சொல்ல, வலது கன்னத்தில் குழி விழச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"சரி, அடுத்தது," என்றார் கிராணி.